அஞ்சாளைக்குக் கையால் ஊட்டாதீர்கள்: ஸ்கூபா வழிகாட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வழிகாட்டி நண்பர்களுக்கு,

வணக்கம்.

அந்தமான், புதுச்சேரி, திருகோணமலை, மாலத்தீவு, தாய்லாந்து என்று எங்கெங்கோ இருந்துகொண்டு, நீச்சல்கூடச் சரியாக வராதவர்களையும் கடலுக்கடியில் கூட்டிப்போய்ப் பத்திரமாக மேலே கொண்டுவந்து சேர்க்கிறவர்கள் நீங்கள். பதினான்கு வருடங்களுக்கு முன்னால், ரெகுலேட்டரைக் கடித்துக்கொண்டு கண் கலங்கி நின்ற என்னைக் கைப்பிடித்து இறக்கியவரும் உங்களில் ஒருவர்தான். அன்று அவர் விரல்களை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்பது இன்னும் நினைவிருக்கிறது. அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. பவளப் பொந்துகளில் வாழும் விலாங்கு வகைக் கடல்மீனான அஞ்சாளைக்குக் கையால் தீனி கொடுப்பதை விட்டுவிடுங்கள். படத்துக்காகவும் வேண்டாம். விருந்தாளி கெஞ்சிக் கேட்டாலும் வேண்டாம். 'இது எனக்குப் பழகினது, ஒன்றும் செய்யாது' என்று உங்களுக்கே உறுதியாகத் தோன்றினாலும் வேண்டாம்.

ஏன் சொல்கிறேன் என்பதற்கு நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்த நாடு, எந்தப் படகு என்பது இங்கே முக்கியமில்லை.

பதினெட்டு மீட்டர் ஆழத்தில் ஒரு பவளப்பார். அதில் ஒரு பெரிய பொந்து. பொந்துக்குள் ராட்சத அஞ்சாளை, ஜிம்னோதோராக்ஸ் ஜவானிகஸ் என்று நூல்களில் எழுதுவார்களே, அந்த வகை. என் தொடை அளவு பருமன். பழுப்பு உடம்பில் சிறுத்தைத் தோல் மாதிரிக் கரும்புள்ளிகள். செவுள் துளையைச் சுற்றி மட்டும் மை தடவினது போலக் கறுப்பு. அந்தப் படகின் வழிகாட்டி நல்ல மனிதர், கடலை நேசிக்கிறவர். தினமும் ஜாக்கெட் பையில் நாலைந்து சாசேஜ் துண்டு எடுத்து வருவார். அவர் பொந்துக்கு முன்னால் போய் நின்றதுமே அது பாதி உடம்பை வெளியே நீட்டி, அவர் தோளை ஒட்டி வளைந்து, கைக்கு வரும். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று வீடியோ எடுத்தோம். நானும் எடுத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

மறுநாள் எங்களோடு இன்னொரு குழுவும் சேர்ந்துகொண்டது. அதில் ஒரு பள்ளி ஆசிரியை. கடலுக்குள் வருவது அவருக்கு நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ. அவர் கையில் தீனி எதுவும் இல்லை. 'அதோ பார்' என்று தோழிக்குக் காட்டக் கையை நீட்டினார், அவ்வளவுதான். அஞ்சாளை அவசரப்படவே இல்லை. நிதானமாக வந்தது, விரல் நுனியை மோந்து பார்ப்பது போல ஒரு கணம் நின்றது, கவ்வியது. ஆழத்தில் இரத்தம் சிவப்பாகத் தெரியாது, பச்சைப் புகை மாதிரி எழும்பும். அதைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு விஷயமே புரிந்தது. பன்னிரண்டு தையல். சுட்டுவிரல் இன்றுவரை முழுசாக மடங்கவில்லை. கரும்பலகையில் எழுதும் கை அது.

இரண்டு நாள் கழித்துப் போனபோது அந்தப் பொந்து காலி. 'விருந்தாளிகளுக்கு ஆபத்து' என்று சொல்லி ஈட்டித் துப்பாக்கியோடு ஆள் இறக்கிக் கொன்றுவிட்டார்கள். தினமும் ஊட்டிய அந்த வழிகாட்டி அன்று சாயங்காலம் படகின் பின்பக்கம் உட்கார்ந்தவர், கரை சேரும்வரை யாரோடும் பேசவில்லை.

ஊட்டியவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைக் கவனியுங்கள். சும்மா வந்த ஒருத்தருக்கு விரல் முடமாயிற்று, அஞ்சாளைக்கு உயிர் போயிற்று. எப்போதும் இப்படித்தான் என்று சொல்லமாட்டேன். தாய்லாந்தின் சிமிலான் தீவுகளில் சாசேஜ் ஊட்டிய பயிற்றுநர் ஒருவருக்கே கட்டைவிரல் முழுசாகப் போயிருக்கிறது. அதற்குப் பதிலாக மருத்துவர்கள் அவர் கால்விரலை எடுத்து ஒட்டவைத்தார்கள். அந்த வீடியோவை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

அஞ்சாளை கெட்ட மீன் என்று இதையெல்லாம் வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. அதன் தலையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் நடந்தது ஏன் என்று விளங்கும்.

முதலில் அந்த வாய். எந்நேரமும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்து 'கடிக்க வருது' என்றுதான் நினைக்கிறார்கள். அது மூச்சு விடுகிறது, வேறொன்றும் இல்லை. மற்ற மீன்களுக்குச் செவுளை மூட அகலமான மூடி இருக்கிறது, அது அசைந்து அசைந்து தண்ணீரை இழுத்துத் தள்ளும். அஞ்சாளைக்கு அந்த இடத்தில் ஒரு சின்ன வட்டத் துளைதான். வாயாலேயே தண்ணீரை உள்ளே வாங்கித் துளை வழியாக வெளியே அனுப்ப வேண்டும். நாம் பயமுறுத்தல் என்று நினைப்பது அதற்கு மூச்சு. அதே சமயம், மூச்சுதானே என்று கையைக் கிட்டே கொண்டுபோகவும் கூடாது. இரண்டையும் சேர்த்தே விருந்தாளிகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்தது மூக்கு. மூக்கு நுனியில் குழாய் மாதிரி இரண்டு நீட்டிக்கொண்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். கண் சின்னது, பார்வையும் கூர்மையானதல்ல. வாழ்க்கையை நடத்துவதே வாசனையை வைத்துத்தான். பெரும்பாலான வகைகள் இரவில் பொந்து பொந்தாக நுழைந்து, தூங்குகிற மீனையும் ஒளிந்திருக்கிற பேய்க்கணவாயையும் மோந்தே கண்டுபிடிக்கின்றன. இப்போது ஒரு சாசேஜ் துண்டைக் கையில் பிடித்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். அதன் எண்ணெய் உங்கள் விரலெல்லாம் படிந்திருக்கிறது, கையைச் சுற்றியுள்ள தண்ணீரிலும் கலந்திருக்கிறது. சாசேஜ் எங்கே முடிகிறது, கட்டைவிரல் எங்கே தொடங்குகிறது என்று மூக்கை நம்பி வாழும் ஒரு மீன் எப்படிப் பிரித்துச் சொல்லும்? இரண்டும் ஒரே பருமன், ஒரே மிருது, ஒரே வாசனை.

அப்புறம் தாடை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் வருடக்கணக்காக அஞ்சாளையோடு பழகியவர்களுக்கும் இது தெரிவதில்லை. மீன்கள் பெரும்பாலும் இரையை உறிஞ்சித்தான் பிடிக்கின்றன. வாயைச் சட்டென்று அகலத் திறந்தால் தண்ணீரோடு இரையும் உள்ளே போய்விடும். அஞ்சாளைக்கு அந்த உறிஞ்சும் வலு மிகக் குறைவு. தலை ஒடுக்கம், வேட்டையாடுவதும் ஒடுங்கிய சந்துகளில். அப்படியானால் பெரிய மீனைக் கவ்வியபின் எப்படி விழுங்குகிறது? கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த ரீட்டா மேத்தாவும் பீட்டர் வெயின்ரைட்டும் அதிவேகக் கேமராவையும் எக்ஸ்-ரே படத்தையும் வைத்து இதற்கு விடை கண்டு, 2007இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். மீன்கள் பலவற்றுக்குத் தொண்டையில் இரையை நசுக்க ஒரு பல்தட்டு உண்டு, அது இருந்த இடத்திலேயே வேலை செய்யும். அஞ்சாளைக்கோ அது மண்டையோட்டுக்குப் பின்னாலிருந்து கிளம்பி முன்னால் பாய்ந்து வாய்க்குள் வருகிறது. முன்தாடை பிடித்து வைத்திருக்கும் இரையைத் தன் வளைந்த பற்களால் பற்றி, தொண்டைக்குள் இழுத்துக்கொண்டு திரும்பிப் போகிறது. ஒரு தலைக்குள் இரண்டு ஜோடித் தாடைகள். ஒன்று பிடிக்க, ஒன்று இழுக்க. கிணற்றில் கயிறு இழுக்கிறவன் ஒரு கை பிடி விடாமல் மறு கையை முன்னே போடுவான் பாருங்கள், ஏறக்குறைய அந்த மாதிரி.

இதன் பொருள் என்ன? விரல் ஆழமாக உள்ளே போய்விட்டால் அந்த இரண்டாவது தாடைக்கும் அது இரைதான். வெளியே தெரியும் பற்களே உள்பக்கம் சாய்ந்தவை. நாம் பதறி வெடுக்கென்று இழுக்கும்போது தசை கிழிந்துகொண்டு வருகிறது. கடியைவிட இழுப்பு செய்யும் சேதம் அதிகமாகிவிடலாம்.

விழுங்க முடியாத அளவு பெரிய இரை கிடைத்தால் அது என்ன செய்கிறது தெரியுமா? தன் வாலைத் தானே முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. அந்த முடிச்சை உடம்பு வழியாகத் தலைவரை நகர்த்திக் கொண்டுவந்து, இரைமேல் முட்டுக்கொடுத்துத் தலையைப் பின்னுக்கு இழுக்கும். சதை பிய்ந்து வந்துவிடும். செதில் இல்லாத, கொழகொழவென்று வழுக்கும் உடம்பாக இருப்பதால்தான் இது நடக்கிறது. கையும் காலும் பக்கத் துடுப்பும் இல்லாத ஒரு மீன், தன் உடம்பையே கயிறாகவும் கையாகவும் ஆக்கிக்கொண்டிருக்கிறது. இதை ஒருமுறை பார்த்துவிட்டால் சாசேஜ் ஊட்டுகிற காட்சியில் பார்க்க என்ன இருக்கிறது என்று தோன்றிவிடும்.

எல்லா அஞ்சாளையும் ஒரே மாதிரி தின்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். உலகத்தில் ஏறத்தாழ 200 வகைகள் இருக்கின்றன. கூரான பல்லுள்ளவை மீனையும் கணவாயையும் பிடிக்கின்றன. வரிக்குதிரை மாதிரிப் பட்டை போட்ட வகைக்கும், வெள்ளை உடம்பில் கறுப்பும் மஞ்சளும் தெளித்த எக்கிட்னா நெபுலோசாவுக்கும் பல் மழுங்கல். அவை நண்டை நொறுக்கித் தின்கின்றன. இந்த எக்கிட்னா கரைக்கே வந்து தின்னும் என்பது 2021இல் உறுதியானது. அதே ரீட்டா மேத்தாவும் கைல் டோனஹோவும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூஸ் வளாகத்தில் பல வருடம் பொறுமையாகப் பழக்கி, சாய்வுப் பலகையில் ஏறித் தண்ணீருக்கு வெளியே கணவாய்த் துண்டை விழுங்க வைத்தார்கள். சாதாரண மீனுக்கு விழுங்கவே தண்ணீர் வேண்டும். தொண்டைத் தாடை இருப்பதால் இதற்கு வேண்டாம்.

'பழக்கி' என்று சொன்னேன் இல்லையா, அந்தச் சொல்லில்தான் நம் பிரச்சினை முழுவதும் இருக்கிறது. அஞ்சாளை பழகும். கற்றுக்கொள்ளும். பழகியதை மறக்காது.

இதற்கு நான் அறிந்த மிக அழகான சாட்சி செங்கடலில் கிடைத்தது. எகிப்தின் ராஸ் முகமது பகுதியில் ஆய்வாளர் ரெடுவான் ப்ஷாரியும் அவர் கூட்டாளிகளும் களவா மீன்களின் பின்னாலேயே போய்க் கவனித்து, 2006இல் எழுதினார்கள். களவா பகலில் திறந்த தண்ணீரில் வேட்டையாடும். துரத்தப்பட்ட மீன் பவளச் சந்துக்குள் புகுந்துவிட்டால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அப்போது அது நேரே ராட்சத அஞ்சாளை ஓய்வெடுக்கும் பொந்துக்குப் போய், அதன் முகத்துக்கு முன்னால் தலையைப் படபடவென்று ஆட்டுகிறது. அஞ்சாளை பல சமயம் எழுந்து கூடவே வருகிறது! இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நீந்திப் போகின்றன. இரை ஒளிந்த இடத்துக்கு மேலே களவா தலைகீழாக நின்று காட்டிக்கொடுப்பதும் உண்டு. அஞ்சாளை சந்துக்குள் நுழையும். இரை உள்ளேயே இருந்தால் அஞ்சாளைக்கு, வெளியே ஓடினால் களவாவுக்கு. பிடித்ததை இரண்டுமே முழுசாக விழுங்கிவிடுவதால் பங்கு பிரிக்கும் சண்டை கிடையாது. சின்ன மீன்கள் பாடுதான் திண்டாட்டம், உள்ளேயும் இருக்க முடியாது, வெளியேயும் போக முடியாது.

இரவில் தனியாக வேட்டையாடும் மீன், வேறொரு இன மீன் கூப்பிட்டதைப் புரிந்துகொண்டு பகலில் எழுந்து வருகிறது. அப்படிப்பட்ட மீனுக்கு முன்னால் தினமும் காலை பத்து மணிக்கு, நீல நிறக் கையுறையில் சாசேஜோடு போய் நின்றால் அது என்ன கற்றுக்கொள்ளும்? 'இந்த ஆள் நல்லவர்' என்றா? இல்லை. 'கை என்றால் சாப்பாடு' என்று கற்றுக்கொள்ளும். உங்கள் கை, என் கை, அந்த ஆசிரியையின் கை எல்லாம் அதற்கு ஒன்றுதான். அது ஒரு தப்பும் செய்யவில்லை. நீங்கள் கற்றுக்கொடுத்த பாடத்தைச் சரியாகப் படித்திருக்கிறது.

கரீபியன் கடலில் இது பெரிய அளவில் நடந்தது. நம் இந்தோ-பசிபிக் பகுதியைச் சேர்ந்த சிங்கமீன் அங்கே போய்ப் பெருகி, உள்ளூர் மீன்களைத் தின்று தீர்த்தது. முக்குளிப்பவர்கள் அவற்றை ஈட்டியால் குத்தி, அங்குள்ள அஞ்சாளைகளும் களவாக்களும் இவற்றைத் தின்னப் பழகட்டுமே என்று கையாலேயே கொடுத்தார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் அவை சிங்கமீனைத் தேடிப் போகப் பழகியதைவிட, ஈட்டி வைத்திருக்கும் மனிதர்களைத் தேடி வரத்தான் பழகின. ஆள் தண்ணீரில் இறங்கியதும் பின்னாலேயே வரத் தொடங்கின, கடிகளும் நடந்தன. ஃபுளோரிடா மாநிலம் அதற்கும் முன்பே, 2002 முதல், முக்குளிப்பவர்கள் கடல் உயிர்களுக்குத் தீனி போடுவதைத் தடை செய்துவிட்டது. நம் பக்கத்தில் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். நீங்கள் மனசு வைத்தால் நாளைக் காலையிலேயே நிறுத்திவிடலாம்.

மனிதர்கள் இந்த மீனைச் செல்லமாக்கிக் கெடுத்தது புதிதும் அல்ல. ரோமாபுரிப் பணக்காரர்கள் கடலோர மாளிகைகளில் குளம் வெட்டி, முரேனா என்று அவர்கள் அழைத்த அஞ்சாளைகளை வளர்த்தார்கள். ஒரு சீமாட்டி தன் செல்ல மீனுக்குக் கம்மல் மாட்டியிருந்ததை ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். வீடியஸ் போலியோ என்ற கொடியவன் தப்பு செய்த அடிமைகளை அந்தக் குளத்தில் வீசுவானாம். பளிங்குக் கோப்பையை உடைத்த ஒரு பையனை அப்படி வீசப்போனபோது, விருந்துக்கு வந்திருந்த பேரரசர் அகஸ்டஸ் தடுத்து, மிச்சக் கோப்பைகளையும் உடைக்கச் சொல்லி, குளத்தையும் மூடவைத்தார். 'ஆள்தின்னி விலாங்கு' என்ற பெயர் இப்படி வந்ததாகத்தான் இருக்கும். வீசியவன் மனிதன், பழி மீனுக்கு.

நம்மூரிலும் விலாங்குக்கு நல்ல பெயர் இல்லை. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் என்று, இரண்டு பக்கமும் பேசுகிறவர்களுக்கு உவமையாக்கி வைத்திருக்கிறோம். ஆனால் கடலில் வேலை பார்த்தவர்கள் அஞ்சாளையை வேறு மாதிரிப் பார்த்தார்கள். என் தாத்தா தூத்துக்குடியில் சங்கு குளித்தவர். சங்கு மணலில் கிடக்கும், ஆகையால் அங்கே அஞ்சாளைத் தொல்லை இல்லை. சங்கு இல்லாத நாட்களில் சிங்கி இறாலுக்காகப் பாரில் இறங்கும்போதுதான் அதைச் சந்திப்பார். "பொந்து அதோட வீடு. கைய விட்டா கடிக்கத்தான் செய்யும். நம்ம வீட்டுக்குள்ள எவனாச்சும் கைய விட்டா சும்மா இருப்பமா?" என்பார். முதலில் ஒரு கம்பால் தட்டிப் பார்த்துவிட்டு, அஞ்சாளை தலை நீட்டினால் அந்தப் பொந்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். அதைக் கொன்றதாகவும் அவர் சொன்னதில்லை, கொஞ்சியதாகவும் சொன்னதில்லை. மன்னார் வளைகுடாவில் விலாங்குசல்லி என்று ஒரு தீவுக்கே பெயர் இருந்தது. பவளக் கல்லை வெட்டி வெட்டி எடுத்ததில் அந்தத் தீவு தண்ணீருக்குள் போய்விட்டது. அதைப் பற்றி எழுதினால் இன்னொரு மடல் ஆகிவிடும்.

கொன்றதைச் சமைத்துத் தின்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெப்பமண்டலப் பவளக் கடல்களில் பெரிய அஞ்சாளையைச் சாப்பிடாதீர்கள். பாசிமேல் வாழும் நுண்ணுயிரி ஒன்றின் நஞ்சு, பாசி தின்னும் மீன், அதைத் தின்னும் மீன் என்று ஏறி ஏறிக் கடைசியில் அஞ்சாளையின் உடம்பில் வந்து சேர்கிறது. சிகுவட்டெரா என்று அந்த நோய்க்குப் பெயர். சமைத்தாலும் பொரித்தாலும் அந்த நஞ்சு போகாது. குளிர்ந்ததைத் தொட்டால் சுடுவது போலிருக்கும். 1989இல் ஜப்பானிய, பிரெஞ்சு ஆய்வாளர்கள் அந்த நஞ்சின் அமைப்பைக் கண்டுபிடிக்கப் பிரெஞ்சு பாலினேசியாவில் 4,000 கிலோ அஞ்சாளையைப் பிடித்து அதிலிருந்து பிரித்தெடுத்தது வெறும் 0.35 மில்லிகிராம். அவ்வளவு கொஞ்சமே ஆளைப் படுக்கவைக்கப் போதும்.

சரி, உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியாமல் இல்லை. விருந்தாளி காசு கொடுத்து வருகிறார், போன வருடம் வந்த நண்பர் அஞ்சாளையைக் கட்டிப்பிடித்து எடுத்த படத்தைக் காட்டி, எனக்கும் வேண்டும் என்கிறார். பக்கத்துப் படகு ஊட்டுகிறது, நீங்கள் ஊட்டாவிட்டால் அடுத்த தடவை அவர் அங்கே போய்விடுவார். சீசன் நாலு மாதம், வீட்டு வாடகை பன்னிரண்டு மாதம். இதையெல்லாம் மேலே உட்கார்ந்துகொண்டு லேசாகப் பேசிவிட எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் விருந்தாளிக்குக் காட்ட இதைவிடப் பெரிய காட்சி உங்கள் கையில் இருக்கிறது.

போன வருடம் ஒரு வழிகாட்டி, இளம்பெண், எங்களை ஒரு பாறைக்கு முன்னால் இரண்டு மீட்டர் தள்ளி மணலில் அமர்த்திவிட்டு, 'பொறுங்கள்' என்று கைகாட்டினார். தேன்கூடு மாதிரி வெள்ளையும் கறுப்புமாகக் கட்டம் போட்ட ஓர் அஞ்சாளை தலை நீட்டியிருந்தது. இரண்டு நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை. வாய் திறந்தது, மூடியது. மூன்றாவது நிமிடம் சிவப்பும் வெள்ளையும் கோடு போட்ட ஒரு சின்ன இறால், மீசையை ஆட்டிக்கொண்டு அதன் தாடைமேல் ஏறியது. கண்ணைச் சுற்றிச் சுத்தம் செய்தது. அப்புறம் அந்த ஊசிப் பற்களுக்கு நடுவே வாய்க்குள்ளேயே இறங்கிப் போனது. அஞ்சாளை வாயைத் திறந்தபடியே வைத்திருந்தது. மூச்சுக்காக மூடவேண்டிய வாய்! இறால் உள்ளே இருந்தவரை அரைகுறையாக, மெதுவாக மூடித் திறந்தது, அதை நசுக்கிவிடக் கூடாது என்பதுபோல. ஒரு பல்லின் அடியில் இருந்து எதையோ பிய்த்து எடுத்துத் தின்றுவிட்டு இறால் வெளியே நடந்து வந்தது. என் பக்கத்தில் இருந்தவர் மேலே வந்ததும் முகமூடியைக் கழற்றாமலேயே பேச ஆரம்பித்துவிட்டார். அந்த வழிகாட்டிக்கு அன்று கிடைத்த டிப்ஸும் நல்ல தொகை என்று பிறகு தெரிந்தது.

இப்படிக் காட்ட எத்தனையோ இருக்கிறது. சாயங்காலத்தில் களவாவோடு சேர்ந்து போகும் வேட்டை. ஒரே பொந்தில் இரண்டு வேறு வகை அஞ்சாளைகள் தலையைச் சேர்த்து வைத்திருப்பது. கறுப்பாகப் பிறந்து, ஆணாகும்போது நீலமாகி, பிறகு பெண்ணாகும்போது மஞ்சளாகும் நாடா அஞ்சாளை. இன்னும் பெயர் வைக்காதவைகூட இருக்கலாம். கடலூர்ப் பக்கம் முடசலோடை மீன் இறங்குதளத்தில் கிடைத்த ஒரு பழுப்பு அஞ்சாளை புது இனம் என்று தெரிந்து, அதற்கு ஜிம்னோதோராக்ஸ் தமிழ்நாடுஎன்சிஸ் என்று 2023இல்தான் பெயர் வைத்தார்கள். நம் மாநிலத்தின் பெயரைத் தாங்கிய அஞ்சாளை ஒன்று இருக்கிறது என்று படகில் சொல்லிப் பாருங்கள், தமிழ்நாட்டு விருந்தாளிகள் முகம் மலர்ந்துவிடும்.

ஏற்கெனவே தீனிக்குப் பழகிவிட்ட அஞ்சாளை உங்கள் இடத்தில் இருந்தால் உடனே ஊட்டுவதை நிறுத்துங்கள், பக்கத்துப் படகுக்காரர்களோடும் பேசி எல்லோருமாக நிறுத்துங்கள். ஒருத்தர் மட்டும் நிறுத்தினால் அது குழம்பிப்போய் மற்றவர் கைகளைத் தேடும். கொஞ்ச மாதம் அந்தப் பொந்துப் பக்கமே யாரையும் கூட்டிப் போகாதீர்கள். தயவுசெய்து அதைக் கொல்லாதீர்கள்.

யாரையாவது கவ்விவிட்டால் கையை இழுக்கவிடாதீர்கள். அந்த ஒரு நொடிப் பொறுமை விரலைக் காப்பாற்றலாம். அது பிடியைத் தளர்த்த இடம்கொடுத்துவிட்டு, காயத்தை அழுத்திப் பிடித்து, பதறாமல் முறைப்படி மேலே கொண்டுவாருங்கள். நல்ல தண்ணீரில் கழுவி, கட்டுப்போட்டு, சின்னக் காயமாகத் தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். அஞ்சாளைக் கடி ஆழமானது, எளிதில் சீழ் பிடிக்கும்.

கடைசியாக ஓர் உதவி. நாளைக் காலை படகில் டேங்க் மாட்டுவதற்கு முன்னால் நீங்கள் சொல்லும் பிரீஃபிங்கில் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்:

"கீழே ஒரு பெரிய அஞ்சாளை இருக்கிறது. வாயைத் திறந்து மூடுவது மூச்சு விடத்தான், யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் கையை நீட்டிக் காட்டாதீர்கள், டார்ச் வெளிச்சத்தைப் பக்கத்துப் பாறையில் அடித்துக் காட்டுங்கள். இரண்டு மீட்டர் தள்ளி இருந்து ஐந்து நிமிடம் அசையாமல் பார்ப்போம். நான் அதற்குச் சாப்பாடு கொடுக்கமாட்டேன், அது தன் சாப்பாட்டை இராத்திரியில் தானே தேடிக்கொள்ளும்."

அன்புடன்,
உங்கள் படகில் ஏறி இறங்கும் ஒரு முக்குளிப்பாளர்